நிறத்தைக் கெடுத்த மாத்திரை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் மடியில் ஒரு சிட்டம் பட்டு நூல் வைத்திருந்தார். சாயம் ஏறாத வெள்ளை நூல். என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டின் மேல் அந்தச் சிட்டத்தைப் போட்டார்.

"பாருங்கடி. நூலு எது, கை எதுன்னு தெரியுதா?"

கூட வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். தெரியவில்லை என்றார்கள். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குக் கால் தாங்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். வெட்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நகமும் வெள்ளையாகத்தான் இருந்தது. உதடும் வெள்ளை. அதையெல்லாம் யாரும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கையோடு பார்வை முடிந்தது. ஒரு நூலின் நிறத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துச் சாயக்காரருக்குத் திருப்பி அனுப்புகிற நெசவுக் குடும்பம் அது. நிறத்தில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. நான் ஏமாற்றினேன். எனக்கே தெரியாமல்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். இதில் எழுதுகிற வைத்தியமெல்லாம் என் உடம்பு படித்தது.

புகுந்த வீட்டில் எனக்குத் தார் சுற்றுகிற வேலை. ஊடு நூலைச் சின்னக் குழல்களில் இராட்டையால் சுற்றித் தறிக்குக் கொடுக்கவேண்டும். உட்கார்ந்தே செய்வது. குழந்தைகூடச் செய்யும். எனக்கு நாலு குழலுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கும். இராட்டையை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்வேன். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். தார் வரவில்லை என்பதற்காகப் பார்ப்பார்.

"இன்னா, மகாராணி களைச்சிட்டாங்களா?" என்பார் மாமியார்.

களைத்துத்தான் இருந்தேன். ஆனால் அந்த வீட்டில் களைப்பு ஆண்களுக்கு மட்டும் வரும்.

அப்புறம் அந்த நாக்கு. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பேன். ஊறாத அரிசியை மெல்வேன். மழை பெய்து மண் வாசனை வந்தால் எனக்குப் பசி எடுக்கும். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் சாமியே மண்ணால் ஆனவர். தண்ணீர் பட்டால் கரைந்துவிடுவார் என்று அவருக்கு அபிஷேகம்கூடக் கிடையாது. அந்த மண்ணை மட்டும்தான் நான் விட்டுவைத்தேன்.

புகுந்த வீட்டில் சுவரைச் சுரண்டினால் மாட்டிக்கொள்வேன். அதனால் திருநீற்றுக்கு மாறினேன். பூஜை மாடத்தில் ஒரு பித்தளைச் சம்புடம். குளித்துவிட்டு வந்து நெற்றிக்குக் கொஞ்சம், வாய்க்கு மீதி. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், நடுவில் யாரும் இல்லாதபோது மூன்று தரம். வாரத்துக்கு ஒரு சம்புடம் காலியானது.

மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டார். செத்தேன் என்று நினைத்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்க வூட்டுக்கு வந்த மருமவ திருநீறு வாயில போடாம பச்சைத் தண்ணி குடிக்கமாட்டா" என்று தெருவெல்லாம் சொன்னார். "நெறமும் இருக்குது, பக்தியும் இருக்குது. இன்னா வேணும் இன்னும்?"

ரத்தம் வேண்டியிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் பிரசவம் எப்படியோ ஆகிவிட்டது. பெண். இரண்டாவது பிரசவத்தில்தான் கதை வெளியே வந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. சைக்கிள் ரிக்ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றவேண்டும், சொந்தக்காரர் யாராவது ஒரு பாட்டில் கொடுங்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

என் வீட்டுக்காரர் திருவிழாவில் சாமி தூக்குகிறவர். தோளில் காய்ப்புக் காய்த்திருக்கும். அத்தனை பெரிய வாகனத்தைப் பத்து நாள் தூக்குவார். ஊசியைப் பார்த்ததும் தூண் பக்கமாக நகர்ந்தார்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைம்மா. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

மறுநாள் சாயங்காலம் வந்தார். அந்த டீயை எந்த ஊரில் போய்க் குடித்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர் தம்பி, தன் ரத்தம் சூடு, பெண்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். மாமியார், "ஆம்பளை ரத்தம் போய்ட்டா தறியை யாரு மிதிக்கிறது?" என்று கேட்டாராம். டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னது.

எங்களைக் கொண்டுவந்த ரிக்ஷாக்காரர் வாசலில் வாடகைக்குக் காத்திருந்தார். அவர் கையை நீட்டினார். அவருடைய ரத்தம் எனக்குப் பொருந்தியது. நான் பிழைத்தேன். குழந்தை பிழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "அந்த ரிக்ஷாக்காரன் இன்னா ஆளுங்க?" தெரியாது என்றேன். கோயிலுக்கு இட்டுக்கொண்டு போய் என் தலையில் தீர்த்தம் தெளித்தார். உள்ளே போன ரத்தத்துக்கு வெளியே தெளித்தால் போதும் போலிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து மூன்றாவதாக உண்டானேன். நான்காம் மாதத்தில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆஸ்பத்திரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் புதிதாக வரைந்திருந்தார்கள்.

"எத்தனாவது?"

"மூணாவது. ஒண்ணு இருக்குது. ஒண்ணு இல்லே."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். என் நகம் நடுவில் குழிந்து ஸ்பூன் மாதிரி இருக்கும்.

"உன்னை இதுவரைக்கும் யாருமே சரியா பாத்ததில்லையா?"

"எல்லாரும் பாத்தாங்கம்மா. நல்ல நெறம்னாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். பிறகு விரலில் குத்தி, ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் ஒற்றினார். ஓர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அட்டை உண்டு, சாயக்காரர் கொடுத்தது. இந்த அட்டையில் எல்லாம் சிவப்பு. மேலே நல்ல அரக்கு, அதிலிருந்து படிப்படியாக இறங்கிக் கடைசியில் வெளுத்த ரோஜா. ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் எண். என் சொட்டு எதோடு சேர்கிறது என்று அவர் தேடுவதற்குள் நானே காட்டிவிட்டேன். கீழிருந்து நான்காவது.

"நூத்துக்கு நாப்பது" என்றார். "போன தடவை மாதிரி ரத்தம் போச்சுன்னா, போறதுக்கே உன் உடம்புல இல்லே. இந்தத் தடவை வீட்டுல யாராவது குடுப்பாங்களா?"

"குடுக்கமாட்டாங்க."

"ரிக்ஷாக்காரர் எல்லா தடவையும் வாசல்ல நிக்கமாட்டார். நீயே செஞ்சுக்கணும். அஞ்சு மாசம் இருக்கு. செஞ்சா பொழைப்பே."

பூச்சு இல்லாத பேச்சு. எனக்குப் பிடித்தது.

வெளுத்துப்போவது ஒரே நோய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். ரத்தத்தில் சிவப்பு அணு என்று ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பொடி. அது குறைவதற்கு மூன்று வழி. செய்வதற்குச் சரக்கு இல்லாமல் போவது ஒன்று. செய்தது ஒழுகிப்போவது ஒன்று. செய்தது உள்ளேயே உடைந்துபோவது ஒன்று. எனக்குத் தறியில் வைத்துப் புரிந்தது. நூல் வரத்து இல்லை. நெய்த புடவை திருடு போகிறது. நூலே இற்றுப்போன நூல்.

அன்று பெஞ்சில் மூன்று வெளுப்பும் உட்கார்ந்திருந்தது. எனக்கு இந்தப் பக்கம் தாமலிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட வெளுப்பு, கண் மட்டும் மஞ்சள். விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அம்மா அப்பா இரண்டு பேர் வழியாகவும் வந்த கோளாறாம். அணு பிறக்கும்போதே நோஞ்சானாகப் பிறந்து உடைகிறது. அந்தப் பக்கம் முசரவாக்கத்துப் பெரியவர் ஒருவர். நாக்கு தோலுரித்த மாதிரி வழவழவென்று சிவந்திருந்தது, காலில் உணர்ச்சி இல்லை. அவருக்குக் குறைந்தது வேறொரு சத்து. வாயால் கொடுத்தால் அவர் குடல் வாங்காது, ஊசிதான்.

எனக்குக் குறைந்தது இரும்பு. அதற்கு மாத்திரை எழுதினார். பெஞ்சைப் பார்த்துவிட்டு நான், "இவங்களுக்கும் அந்த மாத்திரைதானாம்மா?" என்று கேட்டேன்.

"தப்பித்தவறி குடுத்துடாதே" என்றார் டாக்டரம்மா. "அந்தப் பொண்ணு உடம்புல இரும்பு மிச்சம். அவளுக்கு அதுவே விஷம். வெளுப்பைப் பாத்து மாத்திரை குடுக்கக் கூடாது. எதனால வெளுத்ததுன்னு பாக்கணும்."

எதனால் என்று பார்க்க மறுநாள் மலம் கொண்டுவரச் சொன்னார். மூடியுள்ள டப்பாவில். எங்கள் வீட்டில் மூடியோடு சும்மா கிடந்தது ஒரு ஜரிகைப் பெட்டிதான். மேலே சூரத்துக்காரன் தங்க எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தான். அதை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் பெரிய தறிக்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"இன்னாம்மா, ஜரிகையா? நயமா இருக்குதா?"

"வூட்டு ஜரிகைங்க. சுமார்தான்."

அதில் கொக்கிப்புழு இருந்தது. குடலில் கடித்துக்கொண்டு தொங்கி ரத்தம் குடிக்கிற புழு. நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றார் டாக்டரம்மா. என் மாமியார் வீட்டில் என்னை உறிஞ்சுகிறவர்கள் நாலு பேர்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அது கால் வழியாக ஏறுமாம். விடியுமுன் பெண்கள் எல்லோரும் வேகவதி ஆற்றங்கரைப் பக்கம் ஒதுங்குவோம். வெறுங்காலோடு. செருப்பு போடு என்றார் டாக்டரம்மா. வீட்டில் சொன்னேன்.

"சாமி வர்ற தெருவுல மருமவ செருப்பு மாட்டிக்கினு நடப்பாளா?" என்றார் மாமியார்.

சாமி வருஷத்தில் சில நாள் வருவார். புழு தினமும் வந்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி, தெரு முடிகிற இடத்து வேலியில் ஒளித்துவைத்தேன். சாமிக்கு மரியாதை தெரு வரைக்கும். அதற்கப்பால் புழுவுக்கு மரியாதை கிடையாது.

புழு மருந்து குடித்தாயிற்று. மாத்திரையும் தொடங்கியாயிற்று. கெட்டிக்காரத்தனமாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். மாத்திரையில் என்ன இருக்கிறது என்று மாமியார் கேட்டதும், கம்பவுண்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"அன்னபேதிதானாம் அத்தே, இரும்பு உப்பு. சுத்தம் பண்ணி சர்க்கரை பூசியிருக்குதாம்."

மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

அவர் பிறந்தது சாயக்காரர் வீட்டில். சீமைச் சாயப்பொடி வருவதற்கு முன்னால் அவர் அப்பா பட்டுக்குக் கறுப்பு ஏற்றியது எதனால் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடுக்காய் ஊறின தண்ணீரில் நூலை நனைத்து, அன்னபேதி கரைத்த தண்ணீரில் முக்கினால் கறுப்பு. ஆயுசுக்கும் போகாது. அப்படிப்பட்ட அன்னபேதியை மருமகள் வேளைக்கு ஒன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள். போதாததற்கு, எனக்கு வெளிக்கும் கறுப்பாகப் போகத் தொடங்கியிருந்தது. மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆற்றங்கரையில் பெண்களுக்குள் ரகசியம் கிடையாது. செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் முற்றத்தில் கடை விரித்தார். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு சட்டியில் கடுக்காய்த் தண்ணீர். இன்னொன்றில் என் மாத்திரை இரண்டை இடித்துக் கரைத்திருந்தார். பெட்டியிலிருந்து அந்தச் சிட்டத்தை எடுத்தார். என் மணிக்கட்டில் போட்டுப் பார்த்த அதே சிட்டம். அதில் ஒரு முழம் கத்தரித்தார்.

"இது இன்னா நெறம்?"

"வெள்ளை" என்றார்கள்.

முதல் சட்டியில் முக்கினார். பழுப்பானது. இரண்டாவதில் முக்கினார். நூல் சாம்பலாகி, நீலம் தட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காக்கை இறகு மாதிரி ஆகிவிட்டது. எடுத்துப் பிழிந்து எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தார்.

"இப்போ இன்னா நெறம்?"

"ஐயய்யோ, கறுப்பு!"

"நூலுக்கே இந்தக் கதின்னா, வவுத்துல இருக்கிற புள்ளைக்கு இன்னா ஆவும்? இவ நெறம் இன்னா ஆவும்? நான் நெறத்தைப் பாத்துத்தானே இவளைக் கட்டினேன்?"

"தேவுடா!" என்றாள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி. நல்ல மனசு, பெரிய தொண்டை.

"நான் கடுக்காய் குடிக்கலையே அத்தே" என்றேன்.

"காபி குடிக்கிற இல்லே? டீ குடிக்கிற இல்லே? துவர்ப்பெல்லாம் ஒண்ணுதான். உள்ள போய் அன்னபேதியோட சேந்துக்கும்."

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், மாத்திரையோடு காபி, டீ சேர்க்காதே, இரும்பு அதோடு சேர்ந்துகொண்டு உடம்பில் ஒட்டாமல் போய்விடும் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். மாமியார் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் நான் சாகவேண்டியிருந்தது.

மீதி மாத்திரைகள் சாக்கடைக்குப் போயின. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியாத சாயமா?" என்றார்.

டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அட்டையில் என் சொட்டு ஒரு படிதான் ஏறியிருந்தது.

"உன் மாமியாருக்கு ரசாயனம் நல்லா தெரியுது" என்றார். "உடம்புதான் தெரியலை. உடம்பு சட்டியில்லேம்மா." புதிதாக மாத்திரை கொடுத்தார். "எங்க வெப்பே?"

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பெட்டி கிடையாது. என் துணியும் என் வீட்டுக்காரர் துணியும் ஒரே டிரங்கில். அதன் சாவி மாமியார் இடுப்பில். யாரும் கை வைக்காத இடம், என் கை மட்டும் தினமும் போகிற இடம் என்று யோசித்தால் ஒன்றுதான் இருந்தது.

திருநீற்றுச் சம்புடத்தின் அடியில் மாத்திரைகளைப் புதைத்தேன்.

டாக்டரம்மா திருநீறு தின்பதையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்த ஆசையே ரத்தம் குறைந்ததால் வருவது, தின்றால் இரும்பு ஒட்டாது என்றார். நான் நம்பவில்லை. சாம்பல் ஆசைக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நிறுத்தினேன். முதல் பத்து நாள் கஷ்டமாக இருந்தது. சம்புடத்தைத் திறந்தால் வாயில் தண்ணீர் ஊறும். விரலை உள்ளே விட்டு, துழாவி, மாத்திரையை எடுத்து, கண்ணை மூடி வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீர் குடிப்பேன். நெற்றிக்குத் திருநீறு. மாமியார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"புள்ளைத்தாச்சியா இருந்தும் விடமாட்டேங்குது பாரு" என்பார்.

ஒரு மாதத்தில் அந்த ஆசை போய்விட்டது. திருநீறு வெறும் சாம்பலாகத் தெரிந்தது. என் பக்தி இரும்புக் குறைவால் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெளியே சொல்லவில்லை. ஊரில் எத்தனை பேருக்கு எது குறைந்ததால் பக்தி வந்திருக்கிறதோ.

ஆனால் என் பக்தியின் பெயர் என்னை விடவில்லை. வாயில் திருநீறு போடாமல் தண்ணீர் குடிக்காத பிள்ளைத்தாய்ச்சி கையால் திருநீறு வாங்கினால் நல்லது என்று யாரோ சொல்ல, வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பூ, வாழைப்பழம், வெற்றிலை. மாமியார் வாசலில் நின்று வரவேற்பார். நான் மேலாகக் கிள்ளி மேலாகக் கொடுப்பேன். அப்படியும் ஒரு வெள்ளிக்கிழமை தவறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி நீட்டிய உள்ளங்கையில் திருநீற்றோடு ஒரு மாத்திரையும் விழுந்தது.

"தேவுடா! இதி ஏமி? இன்னா இது உருண்டையா இருக்குதே?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்த உள்ளங்கையைப் பார்த்தார். சாம்பல் ஒட்டியிருந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? இரண்டைத் தன் கையாலேயே இடித்தவர். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு ஏழு மாதம். ஓடக்கூட முடியாது.

வாசலில் பத்துப் பெண்கள். தட்டில் பூவும் பழமும். இது சாமி கொடுத்ததில்லை, சாக்கடையில் நான் கொட்டிய அன்னபேதி, என் மருமகள் ரெண்டு மாதமாக என் கண் முன்னாலேயே தின்றிருக்கிறாள், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று அவர் அத்தனை பேரிடமும் சொல்லவேண்டும். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது தெரிந்தது.

"பிரசாதம்" என்றார் மாமியார். "வாயில போட்டுக்கோ."

எதிர்வீட்டுக்காரி கண்ணில் ஒற்றி விழுங்கிவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு அடுப்படிக்கு வந்தார்.

"உள்ள இன்னும் எத்தினி இருக்குது?"

"பதினெட்டு."

"தெருவுல தெரிஞ்சா மானம் போவும். மூடியை அழுத்தி மூடி வை."

அவ்வளவுதான். என் உயிருக்காகத் திறக்காத வாய் மானத்துக்காக மூடிக்கொண்டது. எதற்காக மூடினால் என்ன, மாத்திரை உள்ளே போனது.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரி மறுபடி வந்தாள். தன் பெண்ணும் வெளுத்திருக்கிறாள், அவளுக்கும் ஓர் உருண்டை வேண்டும் என்றாள். எனக்கு அந்தத் தாமல் பெண்ணின் மஞ்சள் கண் ஞாபகம் வந்தது.

"இது எல்லாருக்கும் ஒத்துக்காது. மொதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வா."

"பிரசாதத்துக்கு டாக்டர் சீட்டா? இதென்னம்மா புது வழக்கமா இருக்குது!"

"இந்தச் சாமி அப்படித்தான்" என்றேன்.

பத்தாம் மாதம் வலி எடுத்தபோது என் வீட்டுக்காரரைக் காணவில்லை. மாகறல் கோயிலுக்கு வேண்டுதல், நடந்தே போயிருக்கிறார் என்றார்கள். போன தடவை டீ. இந்தத் தடவை வேண்டுதல். மனுஷன் முன்னேறியிருந்தார். மாமியார்தான் ரிக்ஷாவில் கூட வந்தார்.

டாக்டரம்மா முதலில் விரலைக் குத்தினார். அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். எழுபது. அரக்கு இல்லை. ஆனால் யாரும் ரோஜா என்று சொல்ல முடியாது.

அன்றும் ரத்தம் போனது. போன தடவை மாதிரியே. தாதிகள் ஓடினார்கள், வயிற்றை அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். போகிறது போகட்டும், நான் நெய்தது, இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். கண் இருட்டும் என்று காத்திருந்தேன். இருட்டவில்லை. யாரும் வெளியே போய் யார் ரத்தம் கொடுப்பீர்கள் என்று கேட்கவும் இல்லை. ரத்தம் நின்றது.

பெண். கறுப்பு. இரண்டு குற்றம்.

காலையில் மாமியார் குழந்தையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மடியிலிருந்து மிச்சமிருந்த சிட்டத்தை எடுத்துக் குழந்தையின் கை மேல் போட்டார். பிறகு என்னிடம் வந்து என் மணிக்கட்டிலும் போட்டார். என் கையும் இப்போது நூல் மாதிரி இல்லை. கை மாதிரி இருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். "முற்றத்துல வெச்சுக் காட்டினேன். யாரு கேட்டா? ரெண்டு பேருக்கும் நெறம் போச்சு."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மாகறல் குங்குமத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். வெயிலில் நடந்து வந்தவர், சட்டையில்லாமல். அன்னபேதி சாப்பிடாதவர். ஜென்மத்தில் ஒரு மாத்திரை விழுங்காதவர். அவர் அம்மா அவரைச் சுமந்தபோது அப்படி ஒரு மாத்திரையே ஊரில் கிடையாது. குழந்தையும் அவரும் ஒரே சட்டியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தார்கள்.

டாக்டரம்மா சுற்று வந்தவர் நின்று, குழந்தையைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"அத்தே" என்றேன். "அந்தச் சிட்டத்தை அவர் கை மேலயும் ஒரு தரம் போட்டுப் பாருங்க."

மாமியார் நூலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.

நான் சிரித்தேன். சத்தமாக. மூச்சு வாங்கவில்லை.